தம்பியின் பெயரில் ஒப்புக்கொண்ட கொலை

கரக் சிறை
3 நவம்பர் 1984

மதிப்புக்குரிய அபூ தலால் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். 'அண்ணா' என்று தொடங்கி இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். இதுவே இருக்கட்டும்.

நாற்பத்தாறு நாளாக இங்கே ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: கலஃபை நான் கொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் விசாரணை அதிகாரி சிரிப்பார். எதற்குச் சிரிக்கிறார் என்பது நேற்றுத்தான் தெரிந்தது. நீ எனக்கு வைத்திருக்கும் வக்கீல் ஈஸா முதல் தடவையாக வந்து, கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"உங்க அண்ணன் மூணாம் நாளே ஒத்துக்கிட்டாரேப்பா. ஷேக் அபூ நிம்ர் வீட்டுல உக்காந்து, 'எங்க வீட்டுக் கைதான்'னு சொல்லி அத்வா வாங்கிட்டாரு. அந்தக் காகிதந்தான் அரசு வக்கீல் ஃபைல்ல முதல் பக்கம்."

நான் லாக்கப்பில் அடி வாங்கிக்கொண்டு 'இல்லை' என்று கத்திக்கொண்டிருந்தபோது நீ என் பெயரில் 'ஆமாம்' சொல்லிக் காப்பி குடித்திருக்கிறாய். என்னைக் கேட்டாயா? ஒரு ஆளையாவது அனுப்பினாயா?

அத்வா இல்லாமல் முடியாது என்று எனக்கும் தெரியும். செத்தவன் வீட்டார் பழிவாங்காமல் இருக்கத் தவணை கேட்டே ஆக வேண்டும். ஆனால் ஒத்துக்கொள்ளாமலும் கேட்கலாமே! 'சட்டம் கண்டுபிடிக்கட்டும், அதுவரைக்கும் எங்கள் மேல் கை வைக்காதீர்கள்' என்று கேட்பவர்கள் இல்லையா? நம் ஊரிலேயே இரண்டு வீட்டார் அப்படி வாங்கியிருக்கிறார்கள். அந்த வழி திறந்திருக்கும்போது நீ ஏன் இந்த வழியில் ஓடினாய்? அதுவும் மூன்றாம் நாளே? உனக்கு என்ன அவசரம்?

பதில் எழுது. கூடவே என் நீலக் கட்டம் போட்ட சட்டையை அனுப்பு. பிடித்துக்கொண்டு போன அன்று அது கொடியில் இல்லை.

நவாஃப்


மஃப்ரக்
12 நவம்பர் 1984

தம்பி நவாஃபுக்கு அண்ணன் முஃப்லிஹ் எழுதுவது.

வ அலைக்கும் ஸலாம். அபூ தலால் 'அவர்கள்' நலம். நீ பிறந்தபோது பாலுக்காகக் கழுதையில் ஆறு மைல் போனவன் நான். எனக்கு 'அவர்கள்' போடுகிறாய்.

என்ன அவசரம் என்று கேட்கிறாய். கலஃபை அடக்கம் செய்த அன்றே நம் ஆட்டுப்பட்டிக்குத் தீ வைத்தார்கள். பெரியப்பா மகனைச் சந்தையில் வைத்துத் துரத்தினார்கள். நடுவராக நின்ற அபூ நிம்ர் என்னைக் கூப்பிட்டு முன்னால் காப்பியை வைத்தார்.

"முஃப்லிஹ், ஒத்துக்கிட்டா ஒரு வருஷம் தவணை தர்றேங்கிறாங்க. இல்லேன்னா மூணே நாள். அதுக்கப்புறம் உங்க ஆளுங்கள்ல யார் கிடைச்சாலும் விடமாட்டாங்க. சொல்லு, உங்க வீட்டுக் கையா?"

நம் குடும்பத்தில் நாற்பத்து மூன்று உயிர். அதில் பதினேழு குழந்தைகள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்?

வழக்கப்படி ஊரை விட்டும் விலக்கிவிட்டார்கள். அதனால்தான் இந்த மஃப்ரக்கில் கிடக்கிறோம். இங்கே நாள் முழுக்கக் காற்று, வாயெல்லாம் மணல். வீட்டுக்காரன் ஜன்னல் போட்டுத் தருகிறேன் என்று சொல்லிச் சொல்லியே குளிர்காலம் வந்துவிட்டது. கரக் மலை எங்களுக்கு மூடிய இடம். அதனால்தான் உன்னைப் பார்க்க வர முடியவில்லை. நீ வேறு மாதிரி நினைக்காதே.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாமல் கேள். ஆலை வாசலில் ஊற்றுத் தண்ணீர் முறைக்காக நீயும் கலஃபும் சண்டை போட்டதை ஊரே பார்த்தது. 'உன் ரத்தத்தாலேயே என் வயலுக்குப் பாய்ச்சறேன்டா' என்று நீ சொன்னதையும் ஊரே கேட்டது. அது நடந்து மூன்றாம் நாள் அவன் குத்துப்பட்டுக் கிடந்தான். ஆத்திரத்தில் நடந்துவிட்டது என்று ஈஸாவிடம் சொல். ஏழு வருஷத்தோடு போய்விடும் என்கிறார்கள். நல்ல நடத்தைக்கு அதிலும் குறைப்பார்களாம்.

கம்பளி பனியன் ஒன்று உன் அண்ணி அம்ஷா பின்னியது. ஈஸாவிடம் கொடுத்திருக்கிறேன். உறை ஒட்டிய இடத்தில் ஒரு மயிரை வைத்து ஒட்டியிருக்கிறேன். அது இல்லையென்றால் யாரோ பிரித்துப் படித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எல்லாவற்றையும் எழுத்தில் வைக்காதே.

முஃப்லிஹ்


கரக் சிறை
20 நவம்பர் 1984

முஃப்லிஹுக்கு,

மயிர் இருந்தது. நரைத்த மயிர். கவலை எனக்கா உனக்கா என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழு வருஷம் என்று நீயே தீர்ப்பும் எழுதிவிட்டாய். பனியன் கதகதப்பாக இருக்கிறது, அண்ணிக்கு நன்றி. சட்டை எங்கே? உன் கடிதத்தில் கழுதை இருக்கிறது, ஜன்னல் இருக்கிறது, பதினேழு குழந்தைகள் இருக்கிறார்கள். நான் கேட்ட சட்டையைப் பற்றி ஒரு வரி இல்லை. அதை யாரிடமாவது கொடுத்துவிட்டாயா? கொடுத்திருந்தால் யாரிடம்?

ஈஸா என்னையும் விடுவதாயில்லை. "செவ்வாய்க்கிழமை மத்தியானம் எங்கே இருந்தே?" என்று நாலு தடவை கேட்டார். வீட்டில் தூங்கினேன் என்றேன். போலீஸிடமும் அதைத்தான் சொன்னேன். "ஆலைக்கார அதீக் உன்னை லுஹர் பாங்கு நேரத்துல ஊற்றுப் பாதையில பார்த்திருக்கான். கலஃப் வயலுக்கு அந்த வழியாத்தான் போகணும். தூக்கத்துல நடந்தியோ?" என்றார். தூங்கினேன் என்றே மறுபடியும் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று உனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். அந்தச் செவ்வாய்க்கிழமை உன் பிக்கப் எங்கே நின்றது?

நவாஃப்


மஃப்ரக்
2 டிசம்பர் 1984

தம்பிக்கு,

பிக்கப்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? கரக்கில் ஹாகோப் மெக்கானிக் ஷெட்டில் கிடந்தது. கிளட்ச் போய்விட்டது. திங்கள் விட்டேன், வெள்ளி எடுத்தேன். போதுமா?

இதை உன் காதில் போட்டது யார்? ஈஸாவா? அவரை ஜாக்கிரதையாகப் பார். அவருக்குக் கலஃப் வீட்டாரோடு கொடுக்கல் வாங்கல் இல்லை என்று யார் கண்டது? கரக்கில் வக்கீல் தொழில் பண்ணுகிறவன் இரண்டு வீட்டிலும் சாப்பிட்டாக வேண்டும். இங்கே வரும்போது என்னிடம் சிரித்துச் சிரித்துப் பேசுகிறார். வெளியே போனதும் நோட்டில் ஏதோ எழுதுகிறார். கதவிடுக்கு வழியே பார்த்தேன்.

சட்டை சட்டை என்று ஏன் அடித்துக்கொள்கிறாய்? அது போய்விட்டது. போனது நல்லதுக்குத்தான். இதற்கு மேல் என்னை எழுத வைக்காதே. எனக்கும் கண் இருக்கிறது நவாஃப். அன்று பொழுது சாயும் மஃரிப் நேரத்தில் நான் வீட்டில்தான் இருந்தேன்.

(இங்கே இரண்டு வரியை அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் படிக்காதே.)

முஃப்லிஹ்


கரக் சிறை
10 டிசம்பர் 1984

முஃப்லிஹுக்கு,

ஈஸா ஹாகோப்பின் ஷெட்டுக்குப் போனார். உன் பிக்கப் வந்தது வியாழக்கிழமை. கொலை நடந்து இரண்டு நாள் கழித்து. கிளட்ச்சில் ஒரு கோளாறும் இல்லை, வண்டியை உள்ளும் புறமும் நன்றாகக் கழுவித் தரச் சொன்னாராம் உரிமையாளர்.

அடித்த வரிகளை வெளிச்சத்தில் பிடித்தேன். 'உன்னைக் காட்டிக் கொடுக்க' என்பது வரைக்கும்தான் தெரிகிறது. யாரை யார்?

நவாஃப்


மஃப்ரக்
9 ஜனவரி 1985

நவாஃபுக்கு,

ஒரு மாதம் எழுதவில்லை. எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். கூடப்பிறந்தவன் மேல் வக்கீலை ஏவிவிட்டுத் துப்பு பார்க்கிறாய்! மெக்கானிக்கிடம் போய் விசாரிக்கும் அளவுக்கு நான் உனக்கு யாரோ ஆகிவிட்டேன். அந்த வண்டியில் உன்னையும் உன் போர்வையையும் ஏற்றிப் போய் ராணுவத்தில் சேர்த்தவன் நான்.

சரி. நீ கேட்டுக்கொண்டே இருக்கிறாய். எழுதிவிடுகிறேன். மயிர் ஒட்டவில்லை, இந்த முறை அரக்கு வைத்திருக்கிறேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பொழுது சாயும் நேரம் நீ வந்தாய். பின்பக்கக் குழாயடியில் குனிந்து கை கழுவினாய். முழங்கை வரைக்கும் ரத்தம். சட்டையின் முன்பக்கம் முழுக்க ரத்தம். நான் கதவோரம் நின்று பார்த்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை. சட்டையைக் கழற்றி வாளியில் போட்டுவிட்டு உள்ளே போனாய். கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது, கலஃப் வீட்டுப் பக்கமிருந்து பெண்கள் ஓலமிடும் சத்தம் கேட்டது.

நான் வாளியிலிருந்து அதை எடுத்து ரொட்டி அடுப்பில் போட்டேன். ஈரம், லேசில் பிடிக்கவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றினேன். மறுநாள் அம்ஷா சுட்ட ரொட்டியெல்லாம் மண்ணெண்ணெய் நாற்றம். "அடுப்புல என்னத்தைப் போட்டு எரிச்சீங்க?" என்று கேட்டாள். எலி செத்துக் கிடந்தது என்றேன்.

இதுவரை ஒரு உயிரிடம் சொல்லவில்லை. போலீஸ் கேட்டது, சொல்லவில்லை. அபூ நிம்ர் 'உங்க வீட்டுக் கையா?' என்று கேட்டபோது எனக்கு எப்படித் தெரியும் என்று இப்போது புரிகிறதா? பொய் சொல்லித் தவணை கேட்டு, அப்புறம் அது வெளியே வந்தால் நாற்பத்து மூன்று பேரும் தெருவில் கிடப்போம். அதனால் உண்மையைச் சொன்னேன். இன்னும் என்ன வேண்டும் உனக்கு?

முஃப்லிஹ்


கரக் சிறை
16 ஜனவரி 1985

அண்ணா,

ஆட்டு ரத்தம்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன். பக்கத்துக் கட்டிலில் இருக்கும் கள்ளக் கையெழுத்துக்காரன் பயந்துபோய் வார்டரைக் கூப்பிட்டான். அப்புறம் சிரிப்பு நிற்கவில்லை, அழுகையும் நிற்கவில்லை.

அன்று நான் தஃபீலாவில் இருந்தேன். என்னோடு ராணுவத்தில் இருந்த ஊதா என்பவனின் தம்பிக்குக் கல்யாணம். லுஹர் நேரம் ஊற்றுப் பாதை வழியாகப் பெரிய ரோட்டுக்கு நடந்து, லாரியில் ஏறி, இரண்டு மணிக்கெல்லாம் அங்கே சேர்ந்துவிட்டேன். கசாப்புக்காரன் வரவில்லை. ஐந்து ஆடுகளையும் நானும் ஊதாவுமாகத்தான் அறுத்தோம். கழுவிக்கொள்ளக்கூட நேரமில்லை, திரும்பி வர அந்த ஒரு லாரிதான் இருந்தது. அப்படியே ஏறி வந்தேன்.

இதை ஏன் போலீஸிடம் சொல்லவில்லை என்று கேட்பாய். கேள். ஊற்றுப் பாதையில் போகும்போது கலஃபின் வயலோரத்து அத்திமரத்தடியில் உன் பிக்கப் நின்றதைப் பார்த்தேன். உனக்கும் அவனுக்கும் பேச்சுவார்த்தையே இல்லையே, இங்கே என்ன வேலை என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். சாயங்காலம் ஓலம் கேட்டதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தப் பிக்கப்தான். தஃபீலா போனேன் என்று சொன்னால் எந்த வழியாகப் போனாய் என்பார்கள். வழியில் என்ன பார்த்தாய் என்பார்கள். அதனால்தான் தூங்கினேன் என்று சொன்னேன். நாலு மாதம் உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு இந்தக் குளிரில் படுத்திருக்கிறேன். நீ என் பெயரில் ஒத்துக்கொண்டாய் என்று தெரிந்த அன்று அந்த நினைப்பும் விஷமாகிவிட்டது. செய்தவனும் நீ, தம்பி தலையில் கட்டினவனும் நீ என்றே முடிவு கட்டினேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஈஸாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சட்டையை எரித்த கதையைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார். "பரிசோதனைக்கு அனுப்பியிருந்தா ஆட்டு ரத்தம்னு ஒரே வாரத்துல வந்திருக்கும்பா. உன்னைக் காப்பாத்தக்கூடிய ஒரே துணியை உங்க அண்ணன் ரொட்டியோட சுட்டுட்டாரு."

தஃபீலா மட்டும் போதாதாம். கலஃபை லுஹருக்கே குத்திவிட்டு, பிறகு தஃபீலா போய் ரத்தத்தை மறைக்க ஆடு அறுத்தேன் என்பார்களாம். நான் கிளம்பிப் போன பிறகு கலஃப் உயிரோடு இருந்தான் என்று யாராவது சொன்னால்தான் நான் தப்பிப்பேன்.

நீ அங்கே என்ன செய்தாய்? எத்தனை மணி வரைக்கும் இருந்தாய்?

நவாஃப்


மஃப்ரக்
28 ஜனவரி 1985

நவாஃப்,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. ஆட்டு ரத்தம் என்கிறாய். நம்புகிறேன். நம்ப வேண்டும் என்று ஆசைப்படுகிறேன் என்று எழுதினால் கோபித்துக்கொள்வாய். ஆனாலும் அதுதான் சரியான வார்த்தை.

நான் போனது அவன் தலையில் முத்தம் வைத்து மன்னிப்புக் கேட்க. உனக்காக. ஆலை வாசலில் நீ பேசிய பேச்சு என்னைத் தூங்கவிடவில்லை. உன்னிடம் சொன்னால் 'அந்த நாய்கிட்டே போய்க் கெஞ்சினியா' என்று என்னைக் கிழித்திருப்பாய். அதனால் யாருக்கும் சொல்லாமல் போனேன். கலஃப் முதலில் முகம் கொடுக்கவில்லை. இடிந்த கல்சுவரை அடுக்கிக்கொண்டே இருந்தான். நானும் குனிந்து கல் எடுத்துக் கொடுத்தேன். மூணாவது கல்லுக்கு அப்புறம், "உன் தம்பிக்கு வாய் ஜாஸ்தி அபூ தலால். உனக்கு அது கொஞ்சமும் இல்லை. ரெண்டு பேரையும் சேர்த்து ஒருத்தனா செஞ்சிருக்கலாம்" என்றான். நான் சிரித்துவிட்டேன். தேநீர் போட்டான். பிற்பகல் அஸர் பாங்கு சொல்லும்போது எழுந்தேன். ஒரு கூடை அத்திப்பழம் கொடுத்து அனுப்பினான். அவன் உயிரோடு இருந்தான். அல்லாஹ் சாட்சி.

அந்தக் கூடையை என்ன செய்வது என்று தெரியாமல் இரண்டு நாள் வண்டியிலேயே வைத்திருந்து, அப்புறம் வாய்க்காலில் வீசினேன். பழம் நசுங்கி இருக்கையெல்லாம் கறை. அதனால்தான் ஹாகோப்பிடம் கழுவக் கொடுத்தேன்.

அஸருக்கு நான் கிளம்பினேன், மஃரிபுக்கு நீ ரத்தத்தோடு வந்தாய். இடையில் நீதான் போயிருக்க வேண்டும் என்று நினைத்தேன். வேறு எப்படி நினைப்பேன்?

இப்போது ஈஸா என்னைச் சாட்சிக் கூண்டில் ஏறச் சொல்கிறார். ஏறினால் என்ன ஆகும் என்று யோசித்தாயா? ஒத்துக்கொண்டதை நானே பொய் என்று சொன்னவனாவேன். தவணை அன்றோடு போச்சு. எங்களுக்குப் பிணை நின்ற அபூ நிம்ரின் முகத்தில் கரி. நாற்பத்து மூன்று பேரின் கதி? அதற்கு மேல், கலஃபைக் கடைசியாக உயிரோடு பார்த்தவன் நான் என்றால் அடுத்த கேள்வி என்ன? என் வீட்டில் ஆறு குழந்தைகள். நீ தனியாள். பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை. ஏழு வருஷம் உனக்கு... எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதிவிட்டேன். கொஞ்சம் அவகாசம் கொடு.

முஃப்லிஹ்


கரக் சிறை
4 பிப்ரவரி 1985

முஃப்லிஹுக்கு,

ஏழு வருஷம் என்று உனக்கு யார் சொன்னதோ தெரியாது. ஆலை வாசலில் மிரட்டி, மூணு நாள் காத்திருந்து குத்தினால் அதற்குப் பெயர் ஆத்திரம் இல்லையாம். ஈஸா தெளிவாகச் சொல்லிவிட்டார். தூக்கு.

மார்ச் 12 அன்று அம்மானிலிருந்து நீதிபதிகள் மூன்று பேர் இங்கே வந்து உட்காருகிறார்கள். ஈஸா தஃபீலா போய்க் கல்யாணப் போட்டோ ஒன்று வாங்கி வந்திருக்கிறார். நான் ஆட்டைப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டுகிறேன். சட்டை தெரிகிறது.

உன்னை வா என்று கேட்க மாட்டேன். தனியாள் என்று எழுதினாயே, அதை மடித்து வைத்திருக்கிறேன்.

நவாஃப்


மஃப்ரக்
8 மார்ச் 1985

தம்பி,

வருகிறேன்.

உன் கடைசிக் கடிதம் வந்து ஒரு மாதமாக வீட்டில் யாரோடும் சரியாகப் பேசவில்லை. நேற்று மதபாவுக்குப் போய் அபூ நிம்ரைப் பார்த்தேன். அவர் அங்கே தன் மகள் வீட்டுக்கு வந்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் கிழவர் எழுந்து நின்றுவிட்டார்.

"என் வீட்டுக் காப்பியைக் குடிச்சுட்டுத் தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொன்னியா? உன் பேச்சை நம்பித்தானே நான் அவங்க வீட்டுல போய் நின்னேன்?"

"தெரியும்னுதான் நினைச்சேன் ஷேக்."

"நினைச்சியா! அவன்கிட்டே கேட்டியா?"

என்னை அடித்திருந்தால்கூடத் தேவலை. கடைசியில், கோர்ட்டு வாசல் வரைக்கும் தான் கூட நடப்பதாகச் சொன்னார். அவர் பக்கத்தில் நடக்கும்போது யாரும் கை வைக்க மாட்டார்கள். உள்ளே போன பிறகு நான் யாரோ, அவர் யாரோ. மற்ற நாற்பத்து இரண்டு பேருக்குப் பதினைந்து நாள் தவணை வாங்கித் தருகிறாராம். எனக்கு இல்லை.

'தனியாள்' என்று எழுதியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். அந்தத் தாளைக் கிழித்துவிடு. கிழிக்க மாட்டாய் என்று தெரியும்.

பயமாக இருக்கிறது நவாஃப். அம்ஷாவிடம் சொல்லவில்லை. சந்தைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வருவேன்.

முஃப்லிஹ்


மஃப்ரக்
2 ஏப்ரல் 1985

அண்ணா,

இடம் மாறிவிட்டது. உன் வீட்டில், உன் ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து, நான் இருந்த சிறைக்கே உனக்கு எழுதுகிறேன். பனியனை ஈஸாவிடம் கொடுத்திருக்கிறேன். கள்ளக் கையெழுத்துக்காரன் இன்னும் அங்கேதான் இருப்பான். அவனோடு சீட்டு ஆடாதே.

கூண்டில் நின்று நீ சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். அத்திப்பழக் கூடையைச் சொன்னபோது அரசு வக்கீல் சிரித்தார். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து கலஃபின் மனைவி எழுந்து நின்றாளே, அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அவள் மைத்துனன் அங்கியைப் பிடித்து இழுத்தான். உதறிவிட்டாள்.

"அஸருக்குக் கொஞ்சம் முன்னாடி மாடியில துணி எடுக்கப் போனேன். எங்க வீட்டுக்காரரும் ஒரு ஆளும் சுவத்துக்கிட்டே உக்காந்து தேத்தண்ணி குடிச்சாங்க. முகம் தெரியலை. அவங்க வீட்டுலயே ஒத்துக்கிட்டாங்களே, அந்த ஆளு இந்த நவாஃபாத்தான் இருக்கும்னு நினைச்சேன். என்கிட்டே யாரும் ஒண்ணும் கேக்கலை. ஒத்துக்கிட்ட பிறகு கேக்க என்ன இருக்குன்னு சொல்லிட்டாங்க."

அஸர் நேரத்தில் நான் தஃபீலாவில் ஆடு அறுத்துக்கொண்டிருந்தேன். போட்டோ இருக்கிறது, ஊதா வீட்டார் ஏழு பேர் வந்து சொன்னார்கள். என்னை விட்டுவிட்டார்கள். 'சுவரோரம் உட்கார்ந்திருந்த ஆள் நான்தான்' என்று நீயே சொன்னாய். உன்னைக் கூண்டிலிருந்து இறக்கி அப்படியே கூட்டிக்கொண்டு போனார்கள். நீ என் பக்கம் திரும்பவே இல்லை.

நேற்று அபூ நிம்ர் இங்கே வந்தார். பதினைந்து நாள் முடிந்து, கெஞ்சி இன்னும் பத்து நாள் வாங்கியிருக்கிறார். உன் இடத்தில் பதில் சொல்ல வேண்டியவன் இப்போது நான்தான். என் முன்னால் காப்பியை வைத்துக் கேட்டார். "சொல்லு. உங்க வீட்டுக் கையா?"

நம் ஆட்கள் அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். சித்தப்பா, "ஒத்துக்கோ நவாஃப். உங்க அண்ணன் உள்ளே இருக்கான், நாம வெளியே இருக்கோம். இந்தத் தடவையாவது ஒரு வருஷம் நிம்மதியா இருப்போம்" என்றார். அண்ணி கதவுக்குப் பின்னால் நின்றாள். காலையில் அவளிடம் கேட்டிருந்தேன். அன்று நீ வீட்டுக்கு வந்ததும் யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை, முகம் வெளுத்துப் போயிருந்தது என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் மாவு பிசையப் போய்விட்டாள். அவளும் உன்னைச் சந்தேகப்படுகிறாள்.

நானும்தான். மறைக்கவில்லை. அஸருக்கு நீ கிளம்பும்போது அவன் உயிரோடு இருந்தான் என்பதற்கு உன் வாயைத் தவிர வேறு சாட்சி இல்லை. எனக்காக உயிரைக் கொடுக்க வந்தவன் என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. செய்தது நீதானோ, மனசாட்சி தாங்காமல்தான் வந்தாயோ என்று இன்னொரு பக்கம் நினைப்பு ஓடுகிறது. அந்தக் கோப்பை முன்னால் இருக்கும்போது 'ஆமாம்' என்பது எவ்வளவு சுலபம் என்று நேற்றுத்தான் தெரிந்தது. உன் மேல் இருந்த பாதிக் கோபம் அங்கேயே போய்விட்டது.

காப்பியைக் குடிக்கவில்லை. "ஒரு வாரம் கொடுங்க. நான் எங்க அண்ணன்கிட்டே கேக்கணும்" என்றேன். கோப்பையைக் கிழவரே திரும்ப எடுத்துக்கொண்டார்.

அதனால் கேட்கிறேன். நீயா செய்தாய்?

நவாஃப்


கரக் சிறை
7 ஏப்ரல் 1985

தம்பி நவாஃபுக்கு,

இல்லை. நான் செய்யவில்லை.

உன் கடிதத்தைப் படித்ததும் கோபம் தலைக்கு ஏறியது. உனக்காக இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன், நீ என்னையே கேட்கிறாயா என்று. ஒரு நாள் முழுக்கப் பதில் எழுதவில்லை. அப்புறம் யோசித்தேன். இங்கே விசாரணை அதிகாரி 'எப்படிச் செய்தாய்?' என்று கேட்கிறார். 'கத்தி எங்கே?' என்று கேட்கிறார். ஈஸாகூட 'கோர்ட்டில் என்ன சொல்லப் போகிறீர்கள்?' என்றுதான் கேட்டார். நீயா செய்தாய் என்று கேட்டது நீ ஒருவன்தான்.

நான் உன்னிடம் அதைக் கேட்கவில்லை. குழாயடியில் நீ குனிந்து நின்றபோது உனக்கும் எனக்கும் நடுவில் ஐந்தடிகூட இருக்காது. என்னடா இது ரத்தம் என்று கேட்டிருந்தால், ஆடு அறுத்தேன் என்று சொல்லியிருப்பாய். ஐந்து ஆடா, எனக்குக் கறி எங்கே என்று நான் கேட்டிருப்பேன். நீ என் மேல் தண்ணீரை அடித்திருப்பாய். அவ்வளவுதான் நடந்திருக்கும்.

இல்லை என்று அபூ நிம்ரிடம் சொல். நீ நம்பினால் மட்டும் சொல்.

முஃப்லிஹ்